பழுத்த இலையும் பார்க்கும் கண்ணும்

மரத்தின் இலை நிறம் மாறி உதிர்வதைக் காண்பதற்கென்றே மலைவழிகளில் நடந்து செல்வோர் உலகில் ஏராளம். ஜப்பானியர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குடும்பத்தோடு மலைச்சாரல்களுக்குச் சென்று மேப்பிள் மரங்களின் செவ்விலைகளைக் கண்டு மகிழ்வர். இதற்கு ‘மோமிஜிகாரி’ என்று பெயர். செவ்விலை வேட்டை என்பது அதன் பொருள். அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மாண்ட் முதலிய மாநிலங்களில் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும், எந்த மலையில் எந்த வாரம் நிறம் முதிரும் என்பதை வானிலை அறிக்கையைப் போல முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அந்நாடுகளில் படிக்கவும் பணிபுரியவும் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் அக்காட்சிகளைப் படமெடுத்து வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அனுப்பி வைக்கின்றனர்.

கடலூரிலும் நெல்லிக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள நம் இல்லங்களில் இப்படங்கள் கைமாறும்போது இருவகைப் பேச்சுகள் எழக் கேட்கிறோம். “இலை விழுவதைப் பார்க்கவா இவ்வளவு பணம் செலவிட்டுப் போனாய்?” என்பது முதியோர் கேள்வி. “நம் ஊரில் இப்படி ஒன்றும் இல்லையே!” என்பது இளையோர் பெருமூச்சு. பயனற்ற ஒன்றைக் காண்பதற்காகக் காலத்தையும் பொருளையும் செலவிடுதல் முறையா என்பது முன்னதில் அடங்கிய வினா. அழகு எங்கோ தொலைவில்தான் இருக்கிறதா என்பது பின்னதில் அடங்கிய வினா. இவ்விரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓர் உயிர்ப்பொருள் விடைபெறும் வேளையை நாம் அழகென்று சொல்லி மகிழ்வது அறமாகுமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சிந்திக்க முயல்வோம். பின்னதை முதலில் எடுத்துக்கொள்வது எளிது.

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வரிசையில் இலை உதிர்தலைப் பெயராகக் கொண்ட பருவம் எதுவும் இல்லை. அரபியில் ‘கரீஃப்’ என்று ஒரு பருவம் உண்டு. அச்சொல்லின் வேர் கனி பறித்தலைக் குறிக்கும். அதே சொல் பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, வேளாண்மை அலுவலகங்களில் இன்றும் ‘காரீப் பருவம்’ என வழங்குகிறது. ஆக, ஒரே காலத்தை அரபியர் மரம் தரும் கனியைக் கொண்டு அழைத்தனர். மேலைநாட்டார் மரம் இழக்கும் இலையைக் கொண்டு அழைத்தனர். பெயர் சூட்டுபவன் எதன்மேல் கண் வைத்தானோ அதுவே பருவத்தின் பெயராயிற்று.

பெயர் இல்லை என்பதால் பொருளும் இல்லை என்று ஆகிவிடாது. மாசி, பங்குனியில் வேம்பு மஞ்சளித்து உதிர்கிறது. அடுத்த சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விடுகிறது. பூவரசின் இலை பொன்னிறமாகிக் கிணற்றடியில் விழுகிறது. கடலோர ஊர்களில் வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் நிழல் தரும் நாட்டு வாதுமை மரம், ஆண்டில் பெரும்பாலும் இருமுறை, கருஞ்சிவப்பும் செம்மஞ்சளுமாக இலைகளை மாற்றி உதிர்க்கிறது. அதன் ஓர் இலையைக் கையிலெடுத்து மேப்பிள் இலையின் படத்தருகே வைத்துப் பாருங்கள். நிறத்தில் இதற்கு யாதொரு தாழ்வும் இல்லை. மேற்கே கல்வராயன் மலையின் இலையுதிர் காடுகள் கோடைக்கு முன் நிறம் மாறி வெறுங்கிளைகளாய் நிற்கின்றன. அம்மலையில் ஊற்றெடுக்கும் மணிமுத்தாறு விருத்தாசலம் வழியாக வந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலைச் சேர்கிறது. மலையில் உதிர்வது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இவை எல்லாவற்றினும் சிறப்பாகக் கூறத்தக்கது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயர் இம்மரத்தாலேயே வந்தது. இன்று அதைக் காண விரும்புவோர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே, கிள்ளையை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குச் செல்லவேண்டும். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் அக்காட்டை 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தில் கண்டோர் பலர். அங்கே கண்டலும் சுரபுன்னையும் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்க, தில்லை மட்டும் தன் இலைகளை மஞ்சளாக்கி, பின் சிவப்பாக்கி, உப்பு நீரின்மேல் உதிர்க்கிறது. ‘எக்ஸ்கொக்கேரியா அகல்லோச்சா’ என்பது அதன் தாவரவியற் பெயர். முற்பகுதிக்குக் கண்ணைக் குருடாக்குவது என்று பொருள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குத் தீங்கு நேரும். பிற்பகுதி, அரபியர் ‘ஊது’ எனப் போற்றும் அகிலைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அகிலுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. கண்ணைக் கவரும் மரத்தின் பெயரிலேயே கண்ணைக் கெடுக்கும் எச்சரிக்கையும் அடங்கியிருப்பது நம் சிந்தனைக்கு உரியது. பார்க்கலாம், பறிக்கலாகாது என்று அம்மரமே வரம்பு வகுத்து நிற்கிறது.

இனி, இலை ஏன் நிறம் மாறுகிறது? குளிர்நாடுகளில் பகல் குறுகுவதும் குளிர் ஏறுவதும் காரணம். நம் நாட்டில் பெரும்பாலும் வறட்சியே காரணம். மண்ணில் நீர் குறையும் காலத்தில் இலைகளைத் தாங்கி நிற்பது மரத்துக்குச் சுமை, ஏனெனில் இலை வழியாகவே நீர் ஆவியாகிறது. ஆகவே மரம் கணக்கை முடிக்கத் தொடங்குகிறது. முதலில் பச்சையம் சிதைக்கப்படுகிறது. இலையிலிருந்த தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரம் கிளைக்குள் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பச்சை விலகியதும் அதற்கடியில் முன்பிருந்தே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ முன்பு இல்லாதது. ‘ஆந்தோசயனின்’ என்னும் அந்நிறப்பொருளை இலை தன் கடைசி நாள்களில் புதிதாக உண்டாக்குகிறது. இறுதியில் காம்பின் அடியில் மெல்லிய படலம் ஒன்று தோன்றி, இலை பிரிந்தவிடத்தில் மரத்தின் புண்ணை மூடிவிடுகிறது. உதிரப்போகும் இலை ஏன் இவ்வளவு முயன்று சிவப்பைச் செய்யவேண்டும் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சத்தைத் திருப்பியனுப்பும் வேளையில் வெயிலின் கொடுமையிலிருந்து தன்னைக் காக்கவே என்பர் சிலர். பூச்சிகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்று 2001ஆம் ஆண்டு ஹாமில்டன், பிரவுன் என்னும் அறிஞர்களின் ஆய்வு கூறிற்று. எக்கருத்து வென்றாலும் ஒன்று தெளிவு: அந்தச் சிவப்பு மரத்தின் தேவையில் பிறந்தது, நம் பாராட்டை அது கேட்கவில்லை.

இங்கேதான் முதியோரின் கேள்விக்கு விடை தேடவேண்டும். நாம் நாளெல்லாம் பொருள்களைப் பயன் என்னும் தராசில் வைத்தே பார்க்கிறோம். மரத்தைக் கண்டால் நிழல், கனி, பலகை, விறகு என எண்ணுகிறோம். மனிதரைக் கண்டாலும் இவரால் ஆவதென்ன என்று எண்ணும் வழக்கம் மெல்ல மெல்லப் படிந்துவிடுகிறது. இப்படிப் பழகிய கண்ணுக்கு, எதையும் கேளாமல், எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒன்றைப் பார்த்து நிற்கும் பயிற்சி தேவை. உதிரும் இலை அதற்கு ஏற்றது. அதை விற்க முடியாது. வைத்துக் காக்கவும் முடியாது. அடுத்த வாரம் அது இராது. அதைப் பார்த்து மகிழ்பவன், தனதாக்கிக்கொள்ளாமலேயே மகிழக் கற்றுக்கொள்கிறான். இக்கல்வியை வீண் என்று தள்ளுவதற்கு நாம் உடன்படோம். ஓர் இலை உதிர்வதும் இறைவனின் அறிவுக்குப் புறம்பானதன்று என அல்அன்ஆம் அத்தியாயம் உணர்த்துவதை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் ஓதுகிறார்கள். படைத்தவன் அறிந்திருப்பதைப் படைக்கப்பட்டவன் சிறிது நேரம் நின்று பார்ப்பதில் குற்றம் என்ன இருக்கிறது?

ஆயினும் முதியோரின் கேள்வியில் நியாயமும் உண்டு. கடன் தீராதவன் கடன் வாங்கிப் பயணம் செல்வதும், நோயுற்ற தாயைத் தனியே விட்டுவிட்டு மலையேறுவதும், கண்டதைப் பிறரிடம் பெருமை பேசுவதற்காகவே செல்வதும் வீண்விரயமே. ஒரு செயல் வீணாவது அதன் பொருளால் மட்டுமன்று. எதை விட்டுவிட்டு அதைச் செய்தோம் என்பதாலும் ஆகும். வெர்மாண்ட் மலைக்குச் சென்றவன் வீணனும் அல்லன். வீட்டு வாசலிலேயே இருந்தவன் சிக்கனக்காரனும் அல்லன். வாசலில் விழுந்த வாதுமை இலைகளை ஒருமுறையும் பாராமல் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிட்டு, அயல்நாட்டு இலையின் படத்தைச் சுவரில் மாட்டி வைப்போமானால், அதனினும் பெரிய விரயத்தைத் தேடிக் காண்பது அரிது.

மலைவழி நடப்போர் மறக்கக்கூடாத மற்றொன்றும் உண்டு. நம் மலைகளில் இலை உதிரும் காலமே காட்டுத்தீயின் காலம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றோரைத் தீ சூழ்ந்தது; 23 பேர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு தமிழகத்தில் 40 மலைவழிகளை வழிகாட்டிகளுடன் செல்லுமாறு திறந்துவைத்தது. காலடியில் சலசலக்கும் சருகு காதுக்கு இனிது. ஒரு பொறி பட்டால் அதுவே எரிபொருள். அழகை நாடிச் செல்பவன் அவ்விடத்தின் இயல்பை அறிந்து செல்வது, தனக்கும் காட்டுக்கும் செய்யவேண்டிய கடமை.

இனி மூன்றாவது வினா. விடைபெறும் இலையைக் கண்டு மகிழ்வது கல்நெஞ்சம் ஆகாதா? தமிழ் மொழி இதற்கு அழகியதொரு விடை வைத்திருக்கிறது. மஞ்சளித்த இலையைத் தமிழர் அழுகிய இலை என்று சொல்வதில்லை. பழுத்த இலை என்கிறோம். கனிக்குச் சொல்லும் அதே சொல்லை உதிரும் இலைக்கும் சொல்கிறோம். வெயிலைக் குடித்து, மரத்துக்கு உணவு சமைத்து, பெற்றதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓர் இலை பிரிகிறது. தளிரில் தோன்றிய அதே செம்மை முதிர்விலும் மீண்டும் தோன்றுகிறது. இதைக் காணும்போது நம் நெஞ்சில் எழும் மகிழ்ச்சி அழிவைக் கண்டு எழுவதன்று. நிறைவைக் கண்டு எழுவது. நிறைவாக வாழ்ந்து முடித்த ஒரு பெரியவரின் ஜனாஸாவில் துயரத்தினூடே ஓர் அமைதி இருப்பதை நாம் அறிவோம்.

ஆனால் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையை மோதியது. இம்மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் சென்று, இலை உதிர்வது இயற்கைதானே என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதில் உதிர்ந்தவை பழுத்த இலைகள் அல்ல. பழுத்து விழுவதும் பறித்து வீசப்படுவதும் ஒன்றாகா. அரபியில் ‘இப்ரத்’ என்றால் படிப்பினை. ‘அப்ரத்’ என்றால் கண்ணீர்த் துளி. இரண்டும் கடத்தலைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை. சில துயரங்களில் படிப்பினையை முந்திக்கொண்டு கண்ணீர் வருகிறது. அங்கே உவமை கூறுபவன் வாய்மூடி, உடனிருந்து, ஒரு குவளை நீர் எடுத்துக் கொடுப்பதே அறம்.

உவமையை மீறுவதில் மற்றொரு வகையும் உண்டு. அது நம் வீடுகளுக்குள்ளேயே நடப்பதால் அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலை தன் சத்தைக் கிளைக்குத் தந்துவிட்டு உதிர்கிறதே, முதியோரும் அப்படித்தானே இருக்கவேண்டும் என்று எண்ணும் பிள்ளைகள் உள்ளனர். வீட்டை எழுதி வாங்கும்வரை அன்பு. எழுதி வாங்கியபின் திண்ணை மூலை. இலை தருகிறது என்று நாம் சொல்வது ஒரு பேச்சு வழக்கே. உண்மையில் மரம் எடுத்துக்கொள்கிறது. இலைக்கு விருப்பம் என ஒன்று இல்லை. மனிதனுக்கோ விருப்பமும் மானமும் உண்டு. நம் மார்க்கச் சட்டத்தில் வாரிசுரிமை ஒருவரின் மௌத்துக்குப் பின்னரே பிறக்கிறது. அவர் உயிரோடிருக்கும்வரை அவர் பொருள் அவருடையதே. நாட்டின் சட்டமும் இதைக் கருத்திற்கொண்டது. பராமரிப்போம் என்னும் நிபந்தனையில் சொத்தைப் பெற்றுக்கொண்டு பின் கைவிட்டால், அவ்வுரிமை மாற்றத்தைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வழி செய்துள்ளது. பழுத்த ஓலை விழக் குருத்தோலை சிரித்த கதை நம் பழமொழியில் உண்டு. அச்சிரிப்பு கேலிக்குரியது என்பதையே நம் முன்னோர் சொன்னார்கள். அது முறையானது என்று சொல்லவில்லை. தொலைநாட்டில் செவ்விலையைப் படமெடுக்கும் பிள்ளை, ஊரில் பழுத்துக்கொண்டிருக்கும் தன் பெற்றோரையும் அதே பொறுமையோடு பார்க்கிறானா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி. அவர்களிடம் எடுத்துக்கொள்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையிலும் அருகே அமர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே, பயன் கருதாத பார்வை கைவந்தது என்று சொல்லலாம்.

பார்ப்பவனுக்குக் கடமை உண்டா என்னும் கேள்விக்குப் பிச்சாவரமே சான்று. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் அக்காடு பகுதி பகுதியாக முற்றும் வெட்டப்பட்டு வந்தது. வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத வெளிகள் தோன்றின. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அவ்வூர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி அலைநீர் வந்துபோகச் செய்து, கன்றுகளை நட்டன. காடு மீண்டது. ஆழிப்பேரலைக்குப் பின் இக்கடற்கரையில் நடந்த ஆய்வு ஒன்று, மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ஆம் ஆண்டு தெரிவித்தது. ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவும் கணக்கில் கொள்ளத்தக்கன என்று வேறு சிலர் திருத்தம் கூறினர். அத்திருத்தத்தை ஏற்றாலும் காட்டின் பெருமை குறைந்துவிடாது. அங்கே நீரில் விழும் இலை மக்கி, இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் உணவாகிறது. அவற்றைப் பிடித்து வாழ்வோரின் அடுப்பு அதனால் எரிகிறது. 2022ஆம் ஆண்டு பிச்சாவரம் ராம்சார் சதுப்புநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இதே மாவட்டத்தில் நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்தும் சாய்ந்தும் புதைந்த தாவரங்களே. விழுந்தது வீணாகவில்லை என்பதற்கு நம் வீட்டு விளக்கே சாட்சி சொல்கிறது.

இவ்வாறு கூறுவதால், பயன் உண்டு என்பதற்காகத்தான் இலையைப் போற்றவேண்டும் என்று முன்பு சொன்னதை மாற்றிவிடவில்லை. பயன் பிறகு தெரிந்தது. அழகு முன்பே தெரிந்தது. காட்டைப் பயனுக்காக மட்டும் பார்த்த காலத்தில் அதை வெட்டினோம். அதில் விறகைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. எதையும் கேளாமல் பார்க்கத் தெரிந்த கண்ணே எதைக் காக்கவேண்டும் என்பதையும் முதலில் கண்டுகொள்கிறது. அவ்வாறு பார்க்கச் செல்வோர் படகில் உண்ட பொட்டலத்தைக் கால்வாயில் எறிந்துவிட்டு வந்தால், அவர்கள் கண் திறந்திருந்தும் பார்த்தவர் ஆகமாட்டார்.

ஆகவே வாசக நேயர்களே, வசதி உள்ளவர் கடமைகளை நிறைவேற்றிவிட்டு அயல்நாட்டு மலைகளையும் சென்று காணட்டும். அதில் குறை கூற ஒன்றுமில்லை. வசதி இல்லாதவர் வருத்தம் கொள்ளவும் தேவையில்லை. வரும் மாசியில் ஒரு விடுமுறை நாள், வீட்டு முதியவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு கடலூர்க் கேப்பர் மலைச் சரிவிலோ கிள்ளைக் கரையிலோ சிறிது தூரம் நடந்து வாருங்கள். முதியவரின் கால் எவ்வளவு விரைவாக நடக்குமோ அவ்வளவே உங்கள் வேகமாக இருக்கட்டும். எந்த மரம் எப்போது பழுக்கும், எது மீண்டும் எப்போது தளிர்க்கும் என்பதை அவர் அறிந்திருப்பார். பிள்ளைகள் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.